ஒற்றைத் தோடு போட்ட பேனா

அந்த அறையை மட்டும் யாருக்காகவும் விட்டுக் கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாக எடுக்க முடியவில்லை. சத்தமாக எடுத்திருந்தாலும் என் மனைவி, "முதல்ல கொப்புளிச்சிட்டு வந்து பேசுங்க" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அறை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்து கொள்ளாதீர்கள். சமையலறைக்குப் பக்கத்தில், எட்டடிக்கு ஏழடி. ஒரு ஜன்னல், ஒரு கதவு. நடுவில் என் லேத். இரண்டடி நீளம்தான். ஆனால் தூக்கினால் இடுப்பு ஒரு வாரம் பேசும். அதில் மரத்துண்டை மாட்டிச் சுழலவிட்டு, உளி பிடித்து, பேனா செய்கிறேன். சாதாரணப் பேனா இல்லை. பாதி மரம், பாதி ரெசின். ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் ஒரே நாளில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும் சமாசாரம். ஊற்றுவதற்கு முன் அச்சுக்குள் எதைப் போட்டு வைத்தாலும், அது பேனாவுக்குள் காலாகாலத்துக்கும் நிற்கும். கைக்கடிகாரத்தின் பல்சக்கரம், சட்டைப் பொத்தான், பென்சில் சீவல் எல்லாம் போட்டிருக்கிறேன். பகலெல்லாம் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உடைந்த பொருள்களுக்குப் படிவம் நிரப்புகிறவன், வீட்டுக்கு வந்து அதே உடைந்த பொருள்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிறேன். இதில் என்ன தப்பு?

"தப்பே இல்லைங்க. சர்க்கரை டப்பாவுல மரத்தூள், சீப்புல மரத்தூள், என் மூக்குக் கண்ணாடியில மரத்தூள். நாப்பத்து மூணு பேனா செஞ்சு வச்சிருக்கீங்க. வீட்டுல எழுத ஒரு பேனா இருக்கா?"

"அதான் நாப்பத்து மூணு இருக்கே!"

"பால் கணக்கு எழுத ஒண்ணு குடுங்கன்னு கேட்டா என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் காட்சிக்கும்மா. எழுதினா தேஞ்சிடும்."

அவள் மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்த பேனாவில்தான் எழுதுவாள். அதன் மூடியை யாரோ கடித்திருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் சோபா மேல் கிடந்த அவளுடைய தலை கிளிப்பை நான் ஒரு பேனாவுக்குள் அடக்கம் செய்துவிட்டேன். இரண்டு வாரம் வீட்டில் பேச்சு இல்லை, தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான். கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். வாசகத்தை எழுதியது நான். 'இந்த வீட்டில் மூன்று நாள் ஒரே இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் எந்தப் பொருளும் எடுப்பவருக்கே சொந்தம்.' தொழில் இன்ஷூரன்ஸ் அல்லவா? 'எந்தப் பொருளும்' என்று வேண்டுமென்றே போட்டேன். ஓட்டையே இல்லாத வாசகம். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மருந்துக் கடைப் பேனாவால் கையெழுத்துப் போட்டு, குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தம் வைத்து ஒட்டினாள். கையெழுத்துப் போடும்போது அவள் சிரித்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

சரி, சபதத்துக்கு வருகிறேன். அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பதவி உயர்வுத் தேர்வு அறிவித்தார்கள். ஆறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் தேர்வு. போன முறை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. இந்த முறை விடுவதாக இல்லை.

"எனக்கு ஒரு மாசம் அந்த ரூம் வேணுங்க."

"எந்த ரூம்?"

"இந்த வீட்டுல எத்தனை ரூம் இருக்கு? ஹால்ல டிவி. பெட்ரூம்ல உங்க குறட்டை. சமையல்கட்டுல படிச்சா அடுப்பு கூப்பிடுது. எனக்குச் சாத்திக்கிறதுக்கு ஒரு கதவு வேணும். அவ்வளவுதான்."

"லேத்தை எங்கம்மா வைக்கிறது?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்."

யோசித்தேன். ஒரு மாதம் என்பாள், தேர்வு முடிந்ததும் அடுத்த தேர்வு என்பாள், பிறகு ஜன்னலுக்குத் திரை வாங்குவாள். திரை வந்த அறை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே நேராக மறுக்காமல் ஒரு திட்டம் போட்டேன். நாற்பத்து நான்காவது பேனா. அவளுக்கென்றே. எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதையும் அதற்குள் ஊற்றி, 'இதில்தான் நீ தேர்வு எழுதணும்' என்று நீட்டுவேன். அவள் கண் கலங்குவாள். கண் கலங்கிய கையோடு, 'ரூம் எதுக்குங்க, நான் சாப்பாட்டு மேஜையிலயே படிச்சுக்கறேன்' என்பாள். இதுதான் திட்டம். நினைக்கும்போதே எனக்குத்தான் கண் கலங்கிற்று.

கீழ்ப் பாதிக்கு எங்கள் முதல் ரேடியோவின் மரப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு. மேல் பாதி ரெசின். உள்ளே போட, பெண் பார்க்கப் போனபோது நான் போட்டிருந்த சட்டையின் பொத்தான், என் முதல் கைக்கடிகாரத்தின் பல்சக்கரம். எல்லாம் என்னுடையதாகவே இருக்கிறதே, அவள் பக்கத்தில் ஒன்றுமே இல்லையே என்று தேடிக் கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. கை கழுவும் தொட்டிக்கு மேலே, கண்ணாடி வைத்த பலகையில், ஒரு தோடு. ஒற்றைத் தோடு. நடுவில் நீலக் கல்.

திங்கட்கிழமை பார்த்தேன். செவ்வாய் பார்த்தேன். புதன்கிழமை முகம் கழுவும்போது அதையேதான் பார்த்துக் கொண்டிருந்தேன், சோப்பு கண்ணுக்குள் போனதுகூடத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையும் அங்கேயே இருந்தது. ஜோடியில்லாத தோட்டை யார் போடப் போகிறார்கள்? சட்டம் சட்டம்தானே? எடுத்துவிட்டேன்.

பேனாவுக்குள் மைக்குச்சி போகும் பித்தளைக் குழாயைச் சுற்றி எல்லாவற்றையும் ஒட்டினேன். தோட்டின் திருகாணித் தண்டு இடித்தது. குறட்டால் நறுக்கினேன். அச்சில் வைத்து ரெசினை ஊற்றி, ஒரு நாள் இறுக விட்டேன். சனிக்கிழமை லேத்தில் மாட்டிக் கடைந்தேன். கல்லுக்கு மேல் ஒரு நூல் கனம் மிச்சம் வைத்துக் கடைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மூச்சைப் பிடித்துக் கொண்டுதான் உளியை நகர்த்தினேன். பிறகு உப்புத்தாள், நைசிலும் நைசான உப்புத்தாள், பிறகு மெருகு. முள்ளையும் கிளிப்பையும் அழுத்திப் பொருத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கல் நீலமாக ஒளிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதற்கு முன் செய்த நாற்பத்து மூன்றும் அதன் கால் தூசி பெறாது.

கதவைத் திறந்து, "கண்ணை மூடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக் கொண்டாள்.

"என்னங்க, என் நீலக் கல்லுத் தோடு ஒண்ணைப் பாத்தீங்களா?"

பேனாவை உள்ளங்கைக்குள் மூடிக் கொண்டேன்.

"எ... எந்தத் தோடு?"

"திருகு லூசா இருக்குன்னு கழட்டி வச்சேன். இன்னொண்ணு பெட்டியில பத்திரமா இருக்கு. இதைத்தான் காணோம்."

"ஜோடி இருக்கா?!"

"தோடுன்னா ஜோடி இருக்காதா? உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"லேத் ஓட்டினேன்ல."

"அது எங்க வாங்கினதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டு மூக்கை உறிஞ்சினாள்.

தெரியாது. கேட்கவும் துணியவில்லை. செத்துப் போன மாமனார் வாங்கிக் கொடுத்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன். சட்டத்தை எடுத்துக் காட்டலாம். காட்டிவிட்டு அந்த வீட்டில் சாப்பிட முடியுமா? பேனாவை மெதுவாகப் பின்பக்கம் மறைத்து, அப்படியே நண்டு நடை நடந்து வாசலுக்குப் போய், அலுவலக ஷூவுக்குள் போட்டேன். இடது ஷூ.

"சரி, தேடிடலாம்," என்றாள். "இந்த ரூம்லேருந்து ஆரம்பிப்போம்."

"இங்க எப்படிம்மா வரும்?"

"இந்த வீட்டுல சின்னதா எது காணாமப் போனாலும் இங்கதானே வருது? இந்தத் தூள்ல எதைத் தேடறது? எல்லாத்தையும் வெளியில எடுத்து வச்சுட்டு சலிச்சுப் பாத்துடுவோம்."

குற்றவாளிக்கு ஒத்துழைப்பதைத் தவிர வேறு வழி ஏது? கீழ்வீட்டு மெக்கானிக்கை அவளே கூப்பிட்டாள். அவன் கூப்பிட்ட குரலுக்குக் காத்திருந்தவன் மாதிரி, கயிறோடு வந்தான்.

"எங்கக்கா வைக்கணும்?"

"மாடிப்படிக்குக் கீழ வைப்பா. தோடு கிடைக்கிற வரைக்கும்."

லேத் போயிற்று. உளிகள் போயின. நாற்பத்து மூன்று பேனாவும் அட்டைப் பெட்டியில் ஏறிப் போயின. அவள் மரத்தூளைச் சல்லடையில் சலித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கிடைக்கவே கிடைக்காது என்று எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பொருளை, உருகி உருகித் தேடினேன். அறையைக் கழுவினாள். "காயட்டும்" என்று சொல்லி ஒரு நாற்காலி போட்டாள். நாற்காலி தனியாக இருக்கிறதே என்று ஒரு மேஜை போட்டாள். அதன் மேல் புத்தகங்கள் எப்போது வந்தன என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்திக் கொண்டது.

திங்கட்கிழமை ஷூவோடு அலுவலகம் போனேன். பேனாவை வேறு இடத்தில் மறைக்கலாம் என்றால், அவள் கண்ணுக்குத் தப்பிய இடம் அந்த வீட்டில் இல்லை. விரல்களை மடக்கிக் கொண்டு நடந்தேன்.

"என்ன சார், நொண்டுறீங்க?" என்றான் மெக்கானிக்.

"வயசாச்சுப்பா."

"இடது கால்ல மட்டுமா சார்?"

மாடிப்படிக்குக் கீழே, பழைய போர்வைக்குள் என் லேத் கிடந்தது. பக்கத்தில் போய்த் தடவிக் கொடுக்கக்கூடத் தைரியம் வரவில்லை. லேத் பேச்சை எடுத்தால் அறைப் பேச்சு வரும், அறைப் பேச்சு வந்தால் தோட்டுப் பேச்சு வரும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைத் திருப்பிக் கொண்டே படி ஏறினேன்.

புதன்கிழமை காலை மனசாட்சியும் கட்டை விரலும் சேர்ந்து தாங்க முடியாமல் போய்விட்டன. ஷூவைக் கையில் எடுத்துக் கொண்டு அறைக் கதவைத் தட்டினேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பேனாவைக் குடுக்க வந்தீங்களா?"

"எந்தப் பேனா?"

"உங்க கையில இருக்கிற ஷூவுக்குள்ள இருக்கே, அந்தப் பேனா."

எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பெண் பார்க்கப் போனபோது நான் போட்டிருந்த சட்டையின் பொத்தானைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நிமிஷம் மாறியது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் அத்தனை பாடுபட்டேன்.

"நல்லா இருக்குங்க. நிஜமாவே."

"மன்னிச்சிடும்மா. உங்கப்பா வாங்கிக் குடுத்த தோட்டை..."

"யார் சொன்னா? பஸ் ஸ்டாப் ப்ளாட்பாரத்துல வாங்கினது. கண்ணாடிக் கல்லு."

"அழுதியே?"

"மூக்கை உறிஞ்சினேன். உங்க மரத்தூளுக்கு யாருக்குத்தான் மூக்கு ஒழுகாது? ஜோடி பெட்டியில இருக்குன்னேன், இருக்கு. திருகு லூசுன்னேன், லூசுதான். நான் ஒரு பொய் சொன்னேனா?"

"அப்போ அந்தப் பலகையில வச்சது..."

"நான்தான். திங்கள், செவ்வாய், புதன். நீங்க மூணு நாளா அதைச் சுத்திச் சுத்தி வந்தீங்களே, எனக்கே பாவமா இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை வெளியில் காட்டிக் கொள்ளவில்லை. இன்ஷூரன்ஸில் இருக்க வேண்டியவள்!

"சரி, எல்லாம் தெரிஞ்சு போச்சுல்ல? நான் போய் லேத்தை எடுத்துட்டு வரேன்."

"எந்த லேத்?"

"மாடிப்படிக்குக் கீழ இருக்கிற என் லேத்!"

"அதுவா? சனிக்கிழமை வச்சது. ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூணு நாள் ஒரே இடத்துல கேட்பாரில்லாம கிடந்துச்சு. காலையிலேயே நான் எடுத்துக்கிட்டேன்."

"அது பொருள் இல்லைம்மா, அது இயந்திரம்!"

"'எந்தப் பொருளும்'னு எழுதியிருக்கு. எழுதினது யாரு?"

குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தேன். காந்தத்துக்குக் கீழே என் கையெழுத்துத்தான், மணி மணியாக இருந்தது. ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன். சத்தியமாக இல்லை.

மெக்கானிக் தன் கொட்டகையில் லேத்துக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஓட்டிக் கொள்ளலாமாம். உரிமையாளர் அனுமதி கொடுத்திருக்கிறார்.

தேர்வு நாளன்று காலை வாசலில் நின்று, "என் பேனாவை எடுத்துக்கிட்டியா?" என்று ஆசையாகக் கேட்டேன். அவள் மருந்துக் கடைப் பேனாவைக் கைப்பையில் செருகிக் கொண்டே, "அதெல்லாம் காட்சிக்குங்க. எழுதினா தேஞ்சிடும்" என்றாள்.

தேர்வில் தேறிவிட்டாள். அறைக்குத் திரை வந்துவிட்டது. நானோ, எதற்கும் இருக்கட்டும் என்று, சோபாவில் மூன்று நாளைக்கு மேல் ஒரே இடத்தில் உட்காருவதில்லை.