கிட்ட மாமா தனியாக ஏறிய மலை

பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் கிட்ட மாமாவைவிட அதிகமாக மலையேறியவர் யாரும் கிடையாது. அவரைப்போல உச்சிக்குப் போய்ச் சேராமலே திரும்பியவரும் கிடையாது.

அவர் அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார். எந்த வளைவிலும் லொறி தடம் மாறாது. மனிதர் இறங்கி நடந்தால்தான் வழி தப்பும். எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் “இந்தா, கிட்டதான்” என்பார். தோட்டம் முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் ரொட்டியும் சம்பலும் கட்டச் சொல்லுவார். அம்மா, அத்தை, நான் என்று எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்ப்பார். தனக்கு மட்டும் பூசமாட்டார்.

“அட்டைக்கு என்னைய நல்லாத் தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. காட்டிலிருந்த அத்தனை அட்டையும் அவரைத்தான் தேடி வரும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் மலையின் உச்சிக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. சின்ன வயதிலிருந்து அதன் அடியிலேயே கொழுந்து பறித்தவர். மேலிருந்து தன் தோட்டம் எப்படித் தெரியும் என்று பார்த்ததே இல்லை. மாமா கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒருமுறை பைனஸ் மரக் காட்டுக்குள் பனி இறங்கிவிட்டது. மாமா குறுக்குவழி எடுத்தார். காலை முழுதும் நடந்து, ஏதோ ஒரு லயத்தின் பின்பக்கம் போய் நின்றோம்.

“வேற தோட்டத்துக்கு வந்துட்டோம். யாரும் பேசாதீங்க, நான் வழி கேக்குறேன்.”

கொடியில் தொங்கிய சேலையை அத்தை பிடித்துப் பார்த்தார்.

“என்னங்க, இது என் சேலைங்க!”

மாமா அசரவில்லை. “பாத்தியா, எவ்வளவு சுருக்கா வீட்டுக்குக் கொண்டாந்து சேத்துட்டேன்!”

இன்னொரு முறை குளவிக் கூடு கலைந்துவிட்டது. மாமா குடையை விரித்துக்கொண்டு ஓடினார். குளவிகளும் அந்தக் குடைக்குள்ளேயே ஓடின. முகம் பூசணிக்காயாக வீங்கியும், அடுத்த போயாவுக்குச் சவர்க்காரத்தோடு வந்து நின்றார். நாங்களும் சிரித்துக்கொண்டே காலை நீட்டினோம். உச்சி எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்தோம்.

கடைசியாகப் போனபோது வானம் தெளிந்திருந்தது. உச்சிப் பாறை கண்முன்னே நின்றது. அம்மா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

“இந்தா, கிட்டதான்க்கா.”

அன்றுதான் அவர் சொன்னது உண்மை. ஆனால் அம்மாவின் உதடு வெளிறியிருந்தது. மாமா அவரை முதுகில் சுமந்து, குறுக்குவழி எதுவும் தேடாமல், வந்த பாதையிலேயே இறங்கினார். இனி மலையேறவே கூடாது என்றார் டாக்டர்.

அதன்பிறகு மாமா போயாவன்று எங்கேயும் கிளம்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிடுவார்.

“அக்கா நல்லா இருந்தப்பவே நேர் வழியில கூட்டிட்டுப் போயிருக்கணும் புள்ள.”

அம்மாதான் ஒருநாள் அதட்டினார். “நீயாவது போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுடா.”

தனியாகப் போனார். வழி தப்பவில்லை. மேலேயிருந்து போன் வந்தது.

“வந்துட்டேன்க்கா.”

“என்னடா தெரியுது? நம்ம தோட்டம் தெரியுதா? லயம் தெரியுதா?”

காற்றின் இரைச்சலோடு அவர் குரல் வந்தது.

“ஒண்ணும் தெரியலக்கா. ஒரே பனி. நீ வந்திருந்தாலும் வீண்தான்.”

நானும் அம்மாவும் வாசலில் நின்றிருந்தோம். பளிச்சென்று வெயில். மலை அடியிலிருந்து நுனிவரை துடைத்துவிட்டதுபோலத் தெரிந்தது. உச்சிப் பாறைமேல் வெள்ளையாக ஒரு புள்ளி, மாமாவின் சட்டை. அம்மா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிடா. பாத்து இறங்கி வா” என்றார்.

போனை என் கையில் கொடுத்துவிட்டு, “உலை வைக்கணும். அவன் பசி தாங்கமாட்டான்” என்று உள்ளே போனார்.