சடையனை 'வாங்க' என்று கேட்ட ஆச்சி

காரைக்குடி வட்டாரத்தில் யாரையுமே பயமுறுத்தத் தெரியாத ஒரே மனிதர் 'பயங்கரம்' அண்ணன்தான். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். காபி நன்றாக இருந்தால் பயங்கரம். வெயில் அடித்தால் பயங்கரம். வரன் பார்க்க எடுத்த பெண்ணின் படம் அழகாக வந்திருந்தாலும் பயங்கரம். அந்தச் சொல்லால் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போனதாகக் கேள்வி. முகம் மட்டும், பால் குடித்துவிட்டுத் தூங்கப்போகிற குழந்தையின் முகம். தெருநாய்கூட அவரைப் பார்த்துக் குரைத்ததில்லை.

இந்த மனக்குறையில்தான், அறுபதுகளின் கடைசியில், பேய்ப்படம் எடுக்கத் துணிந்தார். மலேயாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சின்ன மூவி கேமராவும் கொஞ்சம் பிலிமும் கொடுத்திருந்தார். அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது. ஆகவே படம் ஓடும்போது திரைக்குப் பின்னாலிருந்து பேச என்னை வசனம் எழுதச் சொன்னார். நான் அப்போது குமாஸ்தா. நிறையப் படித்தவன் என்று ஊரில் ஒரு வதந்தி, கிளப்பியவன் நானேதான்.

"ஒரே ஒரு ஆள் அலறுனாப் போதும்டா. அதுக்கப்புறம் இந்தக் கேமராவையே தொட மாட்டேன்" என்றார்.

படத்தின் நாயகன் சடையன். கல்லல் பக்கத்துக் காட்டில் திரிவதாகச் சொல்வார்கள். பனை உயரம், உடம்பெல்லாம் சடை, பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும். நேரங்கழித்து வீட்டுக்கு வரும் கணவன்மார் மட்டுமே அதைப் பார்த்திருந்தார்கள்.

பயந்து அலறும் பெண்ணாக நடிக்க யாரும் முன்வரவில்லை. அண்ணன் தன் அக்கா தெய்வானை ஆச்சியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். படம் பிடிக்க பெரிய வீடு ஒன்று வேண்டும். ஆச்சி மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது கொத்தமங்கலத்தில் அப்படியொரு வீட்டில். சம்பந்தி செட்டியார் நல்ல உயரம். வீடு தருகிறேன், ஆனால் சடையன் நான்தான் என்றுவிட்டார். தேங்காய் நாரில் உடுப்புத் தைத்து மாட்டினோம். உட்கார்ந்தால் வைக்கோல் போர், எழுந்தால் சடையன்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிறவரை 'வாங்க' என்று சொல்வதை எங்கள் பக்கத்தில் 'வாங்கன்னு கேட்பது' என்பார்கள். கேட்காவிட்டால் பகை. கேட்கப்படாதவர் சம்பந்தி என்றால் பேரன் காலம் வரைக்கும் பகை.

பட்டப்பகலில் லென்ஸின்மேல் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டி இரவாக்கினார் அண்ணன். மிச்சமிருந்த கடைசிப் பிலிம் ஓடியது. நிலைவாசலைத் தாண்டிச் சடையன் கையை விரித்துக்கொண்டு வந்தது. ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். கைகூப்பி, "வாங்க" என்றார். சடையனும் கைகூப்பியது. பிலிம் தீர்ந்தது.

"அக்கா, அலறத்தானே சொன்னேன்?"

"அலறத்தான் வாயத் தொறந்தேன். சம்பந்தி வாராகளே, கேக்காம அலறுனா என்ன நெனைப்பாக?"

"அது சடையன்க்கா."

"வெளியிலதான் சடையன். உள்ள இருக்கவுக வீட்லதானே எம் மக வாழ்றா?"

நாருக்குள்ளிருந்து சம்பந்தியின் குரல் வந்தது: "ஆச்சி செஞ்சதுதேன் சரி. கேக்கலைன்னா, என் வீடா இருந்தாலும் நான் அப்படியே திரும்பியிருப்பேன்."

கல்லலில் டூரிங் கொட்டகை ஒன்றில் திரையிட்டோம். திரைக்குப் பின்னால் ஒரே மைக்கோடு அண்ணனும் நானும். அந்தக் காட்சி வந்ததும் அண்ணன் பெண் குரலில் "ஐயோ" என்று அலறினார். உண்மையிலேயே நல்ல அலறல். ஆனால் திரையில் ஆச்சியின் உதடு அசைந்தது வேறு மாதிரி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எழுத்துகூடச் சமயத்தில் படிக்க வராது. அந்த உதட்டசைவைப் படிக்கத் தெரியாதவர் கிடையாது. கொட்டகை மொத்தமும் "வாங்க" என்றது. அப்புறம் சிரிப்பு.

"சடையன் நிக்கிறாக பாருங்க, தண்ணி குடுங்கப்பா" என்றார் ஒருவர்.

"பலகாரம் எங்க ஆச்சி?" என்றது பெண்கள் பக்கம்.

அண்ணன் இன்னொரு முறை அலறிப் பார்த்தார். சிரிப்பு கூடியது. மைக்கை என்னிடம் தந்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். என் வசனங்கள் யார் காதிலும் விழாமல் மீதிப் படம் ஓடி முடிந்தது. ஒருத்தரும் அலறவில்லை, ஒருத்தரும் எழுந்து போகவுமில்லை. சடையன் வீட்டுக்கு வந்ததை இன்னொரு தரம் போடச் சொல்லித் தரையைத் தட்டினார்கள்.

ஆபரேட்டர் வந்து கேட்டார். அண்ணன் வேட்டியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"போடுங்க. இந்தத் தடவை அலறலை. ஆச்சி சொன்னதையே சொல்லிடுறேன்."

விளக்கு அணைந்தது. மைக்கை வாங்கியவர் இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"டேய், மறுபடியும் சிரிப்பாகதானேடா?"

சிரிப்பார்கள் அண்ணே என்றேன். அது எனக்கும் நிச்சயமில்லை. திரையில் ஆச்சி முந்தானையைச் சரிசெய்து முடிக்கிற வரைக்கும் அண்ணனின் அந்தக் கையை நான் விடவில்லை.