சட்டமன்றத்தில் சாத்தே தேடியவன்

சாப்பாட்டு விஷயத்தில் என்னை நம்பக் கூடாது. இதை நானே முன்வந்து சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் அது சட்டமன்றக் குறிப்பில் ஏறிவிடும். ஏற்கெனவே ஒரு முறை ஏறியிருக்கிறது.

நான் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். "கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்" என்று திங்கட்கிழமை சபைகூடலில் மைக்கைப் பிடித்து முழங்கிய ஆள். (பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்டார்கள், பாவம்.) அப்படிப்பட்டவன், மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காலை பத்து மணிக்குள் கறிபாப் என்ற பொரித்த பப்ஸோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் ஜீரணமாகவில்லை.

என் மனைவி புவனா கணக்காய்வாளராக வேலை செய்தவள். ஓய்வு பெற்ற பிறகு கோயில், பேரப்பிள்ளை என்று இருப்பாள் என நினைத்தேன். அவள் எதிர்க்கட்சியில் சேர்ந்து மாநிலத் தேர்தலில் நின்றாள். மயிரிழையில் ஜெயித்தும் விட்டாள். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் சாம்பார்ச் சட்டிக்கு இடமில்லை. மாநில வரவு செலவுத் திட்டப் புத்தகம்தான் அங்கே குடியிருந்தது.

அந்த வருடம் அவளுக்கு ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டும். ஜெலுத்தோங்கில், அவள் தொகுதியில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் பல மாதமாக ஓடவில்லை. எட்டாம் மாடியில் ஆரோக்கியமேரி அக்கா என்று ஒருவர். காலையில் கீழே ஆப்பம் சுட்டு விற்பவர். மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வியாபாரம் முடிந்ததும் அதே படியேறுவார். மூட்டு இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

"யம்மா, நீங்க ஜெயிச்சு என்னம்மா பிரயோஜனம்? லிப்ட் இன்னும் ரோசாக்தானே லா!" என்று அவர் ஒருநாள் எங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார். ரோசாக் என்றால் பழுது. அந்தச் சொல்லை எங்களைக் காட்டிச் சொன்னாரா, லிப்டைக் காட்டிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

புவனா கேட்ட போதெல்லாம் "ஒதுக்கீடு இல்லை" என்றே பதில் வந்தது. சரி, ஒதுக்கீடு எங்கேதான் போகிறது என்று அவள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஓர் இலாகாவின் கூட்டங்களுக்கான விருந்துபசரிப்புச் செலவில் அவள் விரல் நின்றது. ஓர் ஆளின் காலைத் தேநீருக்கு அவர்கள் எழுதியிருந்த தொகையில் லிட்டில் இந்தியாவில் மூன்று பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பாயசமும் கேட்கலாம். சட்டமன்றம் கூடும் நாட்களில் வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் அந்த இலாகாவுக்கு விருந்து கொடுக்கும் அதே குத்தகையாளர்தான்.

அவள் விலைப்பட்டியலை வாய்விட்டு வாசித்தாள். "கோழி சாத்தே. மாட்டுச் சாத்தே. ஆட்டு ரெண்டாங். கறிபாப். மீஹூன்..."

அவளுக்கு அதில் மக்கள் பணம் தெரிந்தது. எனக்குக் குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியும், அதைத் தோய்த்துத் தின்னும் நிலக்கடலைக் குழம்பும் தெரிந்தன. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் முறையாகப் பதிவாகியிருக்கும் உடம்பு என்னுடையது. சாத்தே என்ற பொருளைக் கண்ணால் கண்டு வெகு காலம். அவள் உரையை ஒத்திகை பார்த்த ஒவ்வொரு இரவும் எனக்கு எச்சில் ஊறியது. (ஜனநாயகத்துக்கு நான் செய்த முதல் துரோகம் அதுதான்.)

உரையாற்றும் நாள் காலையில் ஓட்ஸ் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"என்னங்க, இன்னிக்கு எங்க கட்சிக்காரங்க யாரும் அங்க டீகூட குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சாப்பாட்டப் பத்திப் பேசிட்டு அதையே தின்னா நல்லாவா இருக்கும்? நீங்களும் தொடக் கூடாது."

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"ஆமா."

"சத்தியமா தொடமாட்டேன் புவனா."

அவள் முன்னால் போய்விட்டாள். நான் பஸ் பிடித்துச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தேன். பார்வையாளர் மாடத்துக்கு மாடிப்படி ஏற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கூடம். கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்த நீள மேசை, அதன்மேல் மூடி போட்ட எஃகுப் பாத்திரங்கள் வரிசையாக.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நுழைந்தேன். மக்கள் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது குடிமகனின் கடமை அல்லவா! முதல் மூடியைத் திறந்தேன். மீஹூன் என்ற அரிசிச் சேமியா. இரண்டாவது, கறிபாப். மூன்றாவதைத் திறந்தேன், உள்ளே என் முகம் தெரிந்தது. நான்காவதிலும் என் முகம்தான், கொஞ்சம் வாடியிருந்தது. கடைசிவரை திறந்து பார்த்தேன். ஒரு தட்டில் பச்சை நிறக் குவே பலகாரம், ஒரு பெரிய கெண்டியில் தேநீர். அவ்வளவுதான்.

பரிமாற நின்ற பெண்ணிடம் மலாயில் கேட்டேன். "சாத்தே இன்னும் வரலையாம்மா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாத்தேயா? எந்தச் சாத்தே, பாக்சிக்?" பெரியவருக்குரிய மரியாதையோடுதான் கேட்டாள். ஆனாலும் என் நெஞ்சு உடைந்துவிட்டது.

அரசாங்கப் பணம் களவு போகிறதே என்று நான் அந்த இடத்தில் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. என் சாத்தே போயிற்றே என்றுதான் கலங்கினேன். ஆறுதலுக்கு ஒரு கறிபாப் எடுத்தேன். அது நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததால் இன்னொன்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல மாடத்தில் போய் உட்கார்ந்தேன்.

புவனா எழுந்தாள். சபையில் எல்லாம் மலாயில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன். பிரமாதமாகப் பேசினாள். ஆரோக்கியமேரி அக்காவின் மூட்டில் தொடங்கி, லிப்டுக்கு வந்து, அங்கிருந்து விருந்துபசரிப்புச் செலவில் இறங்கினாள். "எட்டு மாடி ஏறும் பெண்ணுக்கு ஒதுக்கீடு இல்லை. தேநீருக்கு மட்டும் எப்படி இருக்கிறது?" என்றாள்.

அந்த இலாகாவுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர், டத்தோ பட்டம் பெற்றவர், குறுக்கிட அனுமதி கேட்டு எழுந்தார். பொல்லாதவர் இல்லை. கையில் கொடுத்த தாளை வாசிப்பவர்.

"மதிப்புக்குரிய உறுப்பினர் தேநீர் என்கிறார். அது வெறும் தேநீர் அல்ல, முழு விருந்து. இரண்டு வகைச் சாத்தே, ஆட்டு ரெண்டாங்..." என்று பட்டியலை முழுதாக வாசித்தார். "இந்தப் பண்டங்களுக்கு இந்த விலை மலிவு. இன்று காலையும் கீழே இதே பண்டங்கள்தான். உறுப்பினர் வந்து சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்குமே!"

ஆட்சித் தரப்பு மேசையைத் தட்டியது. "முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசு!" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு.

புவனா தன் கட்சிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் பேச்சைத் தட்டாமல் அத்தனை பேரும் பட்டினி கிடந்தார்கள். ஒருவர்கூட அந்தக் கூடத்தின் வாசலை மிதிக்கவில்லை. ஆட்சித் தரப்பில் சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் திடீரென்று கோப்பு படிக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

உண்மை தெரிந்து, அதைச் சொல்லக்கூடியவன் அந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். அவன் வயிற்றில் ஆதாரம் இருந்தது. சட்டையில் அதன் தூளும் இருந்தது.

வாயைத் திறந்தால் சத்தியத்தை மீறியது ஊருக்கே தெரியும். திறக்காவிட்டால் புவனா உட்கார வேண்டியதுதான், லிப்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். வீட்டில் அவள் அழாமல் இருக்கப் பாடுபடும்போது மட்டும் செய்கிற காரியம் அது.

நான் எழுந்துவிட்டேன்.

"சாத்தே தாக் அடா!"

சாத்தே இல்லை என்று மலாயில் கத்தியிருக்கிறேன். மைக் இல்லாமல் திடல் முழுக்கக் கேட்கும் தலைமையாசிரியர் குரல். மேசைத் தட்டல் நின்றது. புவனா நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் அது? உட்காருங்கள்!" என்றார் சபாநாயகர்.

"சாத்தே இல்லை, ஐயா! ரெண்டாங்கும் இல்லை! எல்லா மூடியையும் நானே திறந்து பார்த்தேன்!" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை பேசத் தொடங்கிவிட்டால் எனக்கு அளவு தெரியாது. "கறிபாப் இருந்தது! அது மட்டும் நல்லா இருந்தது!"

சபை வெடித்தது. என்னை வெளியேற்றும்படி சபாநாயகர் உத்தரவிட்டார். காவலர் வந்து என் முழங்கையைப் பிடித்தார். நல்ல மனிதர். படியிறங்கும்போது காதோடு, "போன தடவையும் இல்லை, பாக்சிக்" என்றார்.

கீழே கூடத்துக்கு வெளியே ஒரு தொலைக்காட்சியில் சபை நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. காவலரும் நானும் அண்ணாந்து பார்த்தோம். புவனா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சபாநாயகர் அவர்களே, வெளியேற்றப்பட்டவர் என் கணவர். இந்தச் சபையின் ஒழுங்கை மீறினார். அதற்கு முன்பே என் வீட்டின் ஒழுங்கையும் மீறியிருக்கிறார். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." டத்தோ பக்கம் திரும்பினாள். "ஆனால் நான் இவரோடு பல காலம் குடித்தனம் செய்தவள். கடைத்தெருவில் சாமான் வாங்கச் சொன்னால் பாதியை மறந்துவிடுவார். கல்யாண நாளை மறப்பார். ஒரு கட்டடத்தில் எங்கேயாவது ஒரு குச்சி சாத்தே இருந்து, அது இவர் கண்ணில் படாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. டத்தோ அவர்களை அழைக்கிறேன். பாத்திரங்கள் இன்னும் கீழேதான் இருக்கின்றன. வாருங்கள், சேர்ந்து திறந்து பார்ப்போம்."

இம்முறை இரண்டு தரப்பும் மேசையைத் தட்டின. பக்கத்தில் நின்ற காவலர் சுவரைத் தட்டினார்.

மதிய இடைவேளையில் டத்தோ மெய்யாகவே இறங்கி வந்தார், பின்னால் பத்திரிகைக்காரர்கள் பட்டாளத்தோடு. புவனா ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். வெறும் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன. குழம்பின் சுவடுகூட இல்லை. குப்பைத் தொட்டியையும் பார்க்கச் சொன்னாள். ஒரு சாத்தே குச்சி கிடையாது. டத்தோ கையிலிருந்த தாளைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். அவர் முகமும் உள்ளே தெரிந்திருக்கும். பிற்பகலில் சபையிலேயே எழுந்து, தமக்குத் தவறான தகவல் தரப்பட்டதாகவும் விசாரணை நடக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். வராத சாத்தேக்கு நெடுநாளாகக் காசு போயிருந்தது. குத்தகை ரத்தானது. அந்தச் செலவை வெட்டினார்கள். மிச்சமான பணத்தில் ஜெலுத்தோங் லிப்டுக்கும் ஒரு வழி பிறந்தது.

அன்று வீடு திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள்.

"எத்தன கறிபாப்?"

"ரெண்டு."

விளக்கு பச்சையானது. அவள் காரை நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நாலு, புவனா."

அப்போதுதான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேள வாக்கக் காப்பாத்தல நீங்க," என்றாள். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்த லிப்ட் ஓடுகிறது. அக்குடியிருப்பில் அதற்குப் பெயரே சாத்தே லிப்ட்தான். ஆரோக்கியமேரி அக்கா என்னைப் பார்த்தால் ஆப்பத்துக்குக் காசு வாங்குவதில்லை. "எங்களுக்காகத் தின்னவரு சார் நீங்க" என்கிறார். கல்யாண வீடுகளில் நான் ஒரு மூடியைத் தூக்கினால் போதும், "அப்பா, சபை பாத்துக்கிட்டிருக்கு!" என்று என் மகள் கூவுவாள்.

பார்வையாளர் மாடத்துப் பக்கம் நான் அப்புறம் போகவில்லை, புவனா விடுவதில்லை. வீட்டிலிருந்து நேரலையில் பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்ட உரைக்குக் கிளம்பும்போது, மேசையில் எனக்கென்று ஒரு தட்டை மூடிவைத்துவிட்டுப் போகிறாள். திறந்தால் ஒரு குச்சி சாத்தே இருக்கும். ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டால் ஒதுக்கீடு இல்லை என்கிறாள்.