மாப்பிள்ளை கிழக்கு பார்த்து உட்கார்ந்த கதை

ஒரு வீட்டில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால், அந்த வீட்டில் கரண்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. மிக்ஸி சுற்றவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். திருப்பதியில் எம்.சி.ஏ. முடித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் நான் சேர்ந்த புதிதில், நகரியில் இருந்த எங்கள் வீட்டார் என்னிடம் ஒப்படைத்தது மிக்ஸி அல்ல. தங்கை செல்வியின் கல்யாணம்.

மாப்பிள்ளை சேகருக்கு சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்காது. அவருடைய அப்பாவும் அம்மாவும் சித்தூரிலிருந்து நேரில் வருவார்கள், அவர் வீடியோவில் பெண் பார்ப்பார் என்று ஏற்பாடு. செல்விக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இரண்டிலுமே, கல்யாணத்துக்குப் பிறகும் டீச்சர் வேலைக்குப் போவேன் என்று அவள் சொன்னதுதான் காரணம். இந்த முறை கூடத்தில் வாயே திறக்கக் கூடாது என்று அம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நைனா, அதாவது அப்பா, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுவும் பூட்ச்சின்னா உன்னதாண்டா கேப்பேன்" என்றார். (வேலைக்குப் போவேன் என்றது அவள். மாட்டிக்கொண்டது நான்.)

என் லேப்டாப் சின்னது. இரண்டு குடும்பமும் அதற்குள் எட்டிப்பார்த்தால் மண்டைதான் இடிக்கும். ஆபீஸ் நண்பனிடம் கெஞ்சி ஒரு பெரிய மானிட்டரை வாங்கி, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புத்தூர் தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் மாட்டி முடித்து நிமிர்ந்தால், நைனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மாப்ள கெழக்கு பாத்துதான் உக்காரணும்."

"நைனா, அவரு சிங்கப்பூர்ல எந்தப் பக்கம் பாத்துக்கினு கீறாரோ, யாருக்குத் தெரியும்?"

"அங்க எப்டியோ உக்காரட்டும். நம்ம ஊட்ல கெழக்கு."

மானிட்டர் மேற்குச் சுவரோரம் போனது. இப்போது ஒயர் எட்டவில்லை. லேப்டாப்பை சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலில் ஏற்றி, முகத்தை உள்பக்கம் திருப்பினால்தான் எட்டியது. திருப்பி வைத்தேன். படம் மானிட்டரில் மட்டும் வரும்படி செய்ததில் லேப்டாப் திரை இருண்டு கிடந்தது. கேமரா அந்த லேப்டாப்பின் நெற்றியில் இருக்கிறது என்பது எம்.சி.ஏ. படித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு என் தலைக்குள் கரண்ட் போய்விடுமோ, நெட் அறுந்துவிடுமோ, நாலரைக்கு ராகு காலம் வந்துவிடுமோ என்ற பயத்தைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. நம் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் குட்டிக் கட்டம் ஒன்று மூலையில் வரும். அது மாப்பிள்ளை முகத்தை மறைக்கிறதென்று அதையும் நானே மூடிவைத்தேன்.

சித்தூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் மானிட்டரில் மாப்பிள்ளை வந்தார், ரோஸ் நிறத்தில்.

"இன்னாடா, ஆளு ரோஸா கீறாரு?" என்று நைனா என் காதைக் கடித்தார்.

"ஒயர் லூசு. தொடாத நைனா."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புள்ள வெயில்ல எப்டி செவந்து பூட்டான் பாரேன்!"

நைனா எழுந்து மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டார். மாப்பிள்ளை திரும்பக் கும்பிடவில்லை. எதையோ உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நைனாவின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. எனக்கு பனியன் நனைந்துவிட்டது.

திடீரென்று மாப்பிள்ளை பேசினார். "தாராளமா போலாங்க. இங்க நெறைய பேர் போறாங்க."

அவரிடம் நாங்கள் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. "எங்கடா போறது?" என்றார் அவருடைய அப்பா. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

சற்று நேரத்தில் செல்வி காப்பித் தட்டோடு வந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அம்மா கண் காட்ட, மானிட்டர் முன்னால் குனிந்து வணங்கினாள்.

"அய்யோ, போயிட்டாங்களே! கூப்பிடுங்க அவங்கள" என்றார் மாப்பிள்ளை.

"கண்ணு முன்னால நிக்கிதேடா!" என்று அவருடைய அம்மா மானிட்டரைப் பார்த்துக் கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்ந்து போய் லேப்டாப்பைத் திருப்பினேன். ஒயர் பிடுங்கிக்கொண்டது. இரண்டு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை அணைந்துபோனார். அம்மா "அய்யோ, சாமீ!" என்று தலையில் கை வைத்தாள். நைனா என்னைப் பார்த்த பார்வையில், நேராகத் திருப்பதி பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நாங்கள் தலை வாரி, பவுடர் போட்டு மானிட்டரைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் மாப்பிள்ளை பார்த்தது எங்கள் சமையலறையை. அங்கே செல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பஜ்ஜியைத் தின்றபடியே சித்தியிடம் பொரிந்துகொண்டிருந்தாள். "வேலைக்குப் போலாமான்னு ஒரு வார்த்த கேக்க உட மாட்டேன்றாங்க சித்தி! தலையாட்டத்தான் என்னப் படிக்க வெச்சாங்களா?" கூடத்தில்தானே பேசக் கூடாது? சமையலறைக்குச் சத்தியம் கிடையாது. அந்தக் கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

இப்போது என் கையிலிருந்த லேப்டாப்பிலிருந்து குரல் வந்தது. "அப்பா, கேக்குதா? எனக்குச் சரி. அவங்களுக்குச் சரியான்னு கேளுங்க."

ஜாதகம் பார்த்தோம், நாள் பார்த்தோம், திசை பார்த்தோம். அவளைக் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான். அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

நைனா தொண்டையைச் செருமினார். "இன்னாம்மா சொல்ற?"

செல்வி அவரைப் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக லேப்டாப்பிடம் வந்தாள்.

"நெஜமாவே உடுவீங்களா?"

"வேலைக்குப் போறது உங்க இஷ்டங்க. நான் யாரு உட்றதுக்கு?"

"அப்ப சரி."

மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ராகு காலம் வருவதற்குள் தாம்பூலத் தட்டை மாற்றிவிடலாம் என்று அவசரப்படுத்தினார்.

செல்வி இன்று சிங்கப்பூரில் டீச்சர். அவர்கள் ஊருக்கு வந்து, குடும்பத்தோடு போட்டோ எடுக்க நின்றால் போதும், மாப்பிள்ளை ஆரம்பித்துவிடுவார்: "மச்சான் எங்க பாக்குறாரோ, அதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க, அங்கதான் கேமரா கீது!" கல்யாண மேடையிலேயே இதைத் தொடங்கிவிட்டார். ஆல்பத்தில் பெண், மாப்பிள்ளை, சம்பந்தி, நைனா எல்லோரும் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேமராவைப் பார்த்தபடி நிற்பவன் நான் ஒருவன்தான்.