மெத்தென்று வந்த ஓவர்டைம் பன்

உங்க வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போய்விட்டுக் கொண்டு வருகிற பன்னை நீங்கள் ஒரு தடவையாவது அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த கொதிப்பு, இன்னும் இறங்கவில்லை.

ஓசூர் சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்க வீட்டுக்காரர் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்கு நாலு மணி டீயோடு ஒரு பன் கொடுப்பார்கள். எந்த அப்பனும் அதை அங்கே தின்ன மாட்டான். பேப்பரில் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வருவான். எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடித்தனம். ஆறு மணி ஆனால் பிள்ளைகள் கேட்டில் தொற்றிக்கொண்டு நிற்கும். பன் வந்தால் அப்பா வேலைக்குப் போனார் என்று அர்த்தம். எங்களுக்கு அதுதான் அட்டெண்டன்ஸ்.

கம்பெனி பன் என்றால் கல். என் மகள் சுவாதிக்கு மூன்று வயது. டீயில் நன்றாக ஊற வைத்துத்தான் கொடுப்பேன். அப்படிப்பட்ட பன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தென்று வந்தது. அமுக்கினால் உள்ளே போய், திரும்ப மேலே வருகிறது.

"என்னாங்க, பன்னு இப்படி இருக்குது?"

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"நல்லா இருந்தா தின்ன வேண்டியதுதான. கேன்டீன் கான்ட்ராக்டர மாத்திட்டாங்க."

"ஸ்ட்ரைக் கிஸ்ட்ரைக் பண்ணீங்களா?"

"பன்னுக்கு எவனாவது ஸ்ட்ரைக் பண்ணுவானா?"

"அப்புறம் எப்படி மாத்துனாங்க?"

"மேகலா, நானே லீவு இல்லாம ஒழைச்சுட்டு வந்திருக்கறேன். காலு ரெண்டும் விட்டுப் போவுது."

கால் வலித்தது நிஜம்தான். பாதம் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். அந்த வெந்நீரை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை பன் ஒரு கவரில் வந்தது. கவர் முழுக்கக் கன்னடம். இவர் நாகரசம்பட்டிக்காரர். பெயர் தமிழரசன். பெயருக்குத் தகுந்த மாதிரி தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. கன்னட எழுத்து அவர் கண்ணுக்குப் பூ வேலைப்பாடு. நான் வேப்பனப்பள்ளிப் பக்கம், கர்நாடக எல்லை. ஐந்தாவது வரைக்கும் கன்னடப் பள்ளிக்கூடம். கவரைத் திருப்பினேன். பேக்கரி பெயர், அதற்குக் கீழே, 'இந்திரா நகர், பெங்களூரு'.

கேன்டீன் கான்ட்ராக்டர் அவ்வளவு தூரத்திலிருந்தா பன் இறக்குகிறார்?

பக்கத்து வீட்டு மாதேஸ்வரி அக்காவைக் கேட்டேன். அவள் வீட்டுக்காரர் சென்னப்பனும் இவரும் கம்பெனியில் ஒரே அசெம்பிளி செக்ஷன்.

"அசெம்பிளிக்கு ஓவர்டைம் நிறுத்தி ஒரு மாசமாச்சே மேகலா. எங்க ஆளு ஞாயித்துக்கிழமையானா குப்புறப் படுத்துத் தூங்கறாரு. உங்க ஆளுக்கு மட்டும் எவன் கேட்டத் தொறந்து விடறான்?"

எனக்குத் தலையில் இருந்து கால் வரைக்கும் எரிந்தது. பொய் சொன்னதற்கு மட்டும் இல்லை. அந்த இந்திரா நகருக்கு. கல்யாணமான வாரமே கூட்டிப் போகிறேன் என்று சொன்ன இடம் அது. ஓட்டல் ஓட்டலாகக் காட்டுகிறேன், ராத்திரி மாதிரி லைட் போட்ட கடையில் பகலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். நாலு வருஷம் ஆகிவிட்டது. சுவாதியின் முதல் பிறந்தநாளுக்குச் சிவப்பு ஷூ வாங்கி, பெங்களூரு போகும்போது போடலாம் என்று டப்பாவிலேயே வைத்தேன். போடாமலே பிள்ளைக்குக் கால் வளர்ந்துவிட்டது. அந்த டப்பாவில் இப்போது ஊசி நூல் இருக்கிறது.

கேட்டால் ஒரே பதில்தான்.

"இந்திரா நகருன்னா சும்மாவா? வாசல்லயே ஒரு ஆளு நிப்பான். இங்கிலீஷ்ல கேப்பான். நீ என்னா சொல்லுவ? கிராமத்துல படிச்சவ நீ."

சண்டை போடவில்லை. சண்டை போட்டால் பன் நின்றுவிடும், ஆள் பிடிபட மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் யூனிஃபார்ம், ஐடி கார்டு, சேஃப்டி ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினார். டிபன் பாக்ஸில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். ஊறுகாய்கூட வைத்தேன். அவர் தெருமுனை தாண்டியதும் சுவாதிக்குப் புது கவுன் மாட்டினேன். நான் பெங்களூருக்கென்றே எடுத்து வைத்திருந்த சுடிதாரைப் போட்டேன். சேர்த்து வைத்த காசு பர்சில் இருந்தது. பொம்மசந்திரா வரைக்கும் பஸ், அங்கிருந்து மெட்ரோ. இரண்டு இடத்தில் மாற வேண்டும். கன்னடத்தில் கேட்டேன், கையைப் பிடித்து ஏற்றி விட்டார்கள். இதற்கா நாலு வருஷம்?

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் மரம். மரத்துக்குக் கீழே கண்ணாடிக் கடை. மாடிக்கு மாடி ஓட்டல். ஒரு பார் வாசலில் மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கழுவி, வார்னிஷ் அடித்து, லைட் போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கப்பா பார்த்தால் வண்டி எங்கே என்று கேட்பார். சந்துக்குள் அந்தப் பேக்கரி. கவரைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை இதில் பன் வாங்கிப் போகிற தமிழ் ஆளைத் தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டேன்.

"கம்பெனி ஷூக்காரரா? நாலு மணிக்குத்தான் பன் வாங்க வருவாரு. அதுவரைக்கும் மெயின் ரோட்டுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகிட்டிருப்பாரும்மா."

நடக்கிறாரா?

மெயின் ரோட்டுக்கு வந்தேன். எதிர் வரிசையில் நிற்கிறார். யூனிஃபார்மைக் காணோம். பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. கீழே மட்டும் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. அது இல்லாமல் வீட்டை விட்டு ஓவர்டைம் கிளம்ப முடியாதே. பெரிய ஓட்டல் வாசலுக்குப் போனார். வாசல்காரர் ஷூவைப் பார்த்தார், பின்பக்கம் கையைக் காட்டினார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார். அடுத்த வாசல். அங்கேயும் பின்பக்கம் கை. மூன்றாவது இடத்தில் உள்ளே போகவே முயலவில்லை. வெளியே மாட்டியிருந்த மெனு போர்டைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் போய் நின்றேன்.

"ஓவர்டைம் எப்படிப் போவுது?"

திரும்பினார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. சுவாதி, "அப்பா, பன்னு" என்று கையை நீட்டினாள்.

"நீ எப்படி இங்க..."

"கேன்டீன் கான்ட்ராக்டரப் பார்க்க வந்தேன். எத்தனை வாரமா நடக்குது இது?"

"அஞ்சு."

"எந்தெந்த ஓட்டல்ல தின்னீங்க? எந்த பார்ல குடிச்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஒண்ணுலயும் இல்ல மேகலா."

"என்னாது?"

"உள்ளயே விட மாட்டேங்கறான். ஏசி ரிப்பேருக்கு வந்தவன்னு நினைச்சுகிட்டு பின் கேட்டுக்குப் போன்னு கையக் காட்டறான். எனக்கு எதிர்த்துப் பேச பாஷையும் வரல. நீ கட்டிக் குடுத்த சோத்தப் பார்க்குல உக்காந்து தின்னுட்டு, நடந்துட்டு வந்துடுவேன். ஒருநாள் உள்ள போயி எல்லாம் பழகிட்டு, அப்புறம் உன்னக் கூட்டியாரலாம்னு..."

இத்தனை நேரம் இருந்த கோபம் ஒரு கோபமே இல்லை. இப்போதுதான் நிஜமாக வந்தது.

"பொய் சொன்னதுதான் சொன்னீங்க, உள்ள போயி வயிறு முட்டத் தின்னுட்டாவது வந்திருக்கக் கூடாதா? ஒரு சுகமும் காணாம அஞ்சு வாரம் என்னைய ஏமாத்தியிருக்கீங்க. தெருவுல நடந்த காலுக்கா நான் உப்புப் போட்டு வெந்நி வச்சேன்?"

இவர் நழுவிய கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார்.

சுவாதியைத் தூக்கிக்கொண்டேன். நேராக அந்தப் பெரிய ஓட்டல் வாசலுக்குப் போனேன். கீழே சாப்பாடு, மேலே பார். வாசல்காரருக்கு எங்கப்பா வயது இருக்கும். வெயிலில் கோட்டுப் போட்டு நின்றார்.

"அண்ணா, ஊட்டா ஆய்த்தா?" என்றேன். எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதுதான், சாப்பிட்டாச்சா என்று.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து எத்தனையோ பேருக்குக் கதவு திறந்தவர், ஒருத்தரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் போல. இன்னும் இல்லை தாயே என்றார். எந்த ஊர் என்றார். வேப்பனப்பள்ளி என்றதும், அவர் பெண்ணைக் கொடுத்திருப்பது அதற்குப் பக்கத்து ஊராம். சுவாதியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, கண்ணாடிக் கதவை அகலத் திறந்து பிடித்தார். உள்ளே இருந்து குளிர்ச்சி வந்தது. பகலிலேயே லைட் போட்டிருந்தார்கள்.

நான் ஒரு கால் உள்ளே வைத்தேன். பின்னால் டக் டக்கென்று சேஃப்டி ஷூ சத்தம். வாசல்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இந்த ஏசிக்காரர் உங்ககூட வந்தவராம்மா?" என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பூப்போட்ட சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

"என்னா கேக்கறாரு?" என்றார் இவர்.

"நீங்க யாருன்னு கேக்கறாரு."

"சொல்ல வேண்டியதுதான?"

"நான் என்னத்தச் சொல்ல? கிராமத்துல படிச்சவளாச்சே."

இவர் வாசல்காரரைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். சுவாதியைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"மேகலா, நான் உன் வீட்டுக்காரன்னு அவருகிட்ட கன்னடத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்."