காஞ்சனா பெயரில் நான் நேர்ந்துகொண்டது

நகரி,
வியாழக்கிழமை, காலை பத்து மணி.

பெருமதிப்புக்குரிய மூத்த மைத்துனர் வெங்கடரமணன் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை காஞ்சனாவின் கணவன் திருவேங்கடம் வணங்கி எழுதிக்கொள்வது. குடிபாலாவில் தாங்களும், கோதை அக்காவும், பிள்ளைகளும், முக்கியமாக ஒன்பது நாளாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் சௌக்கியமாக இருக்க ஏழுமலையான் அருள் செய்யட்டும். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்பிவிடாதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான்கு முறை போன் பண்ணினேன் மச்சான். நான்கு முறையும் காஞ்சனாவே எடுத்து, ராங் நம்பர் என்று தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டாள். முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவனுக்குக் குரல் தெரியாதா? ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இதுவரை கேட்டது அவள் பக்கத்து நியாயம்.

போன மாதம் சித்தூரிலிருந்து நளினி என்றொரு பெண் எங்கள் வீதிக்கு வந்தாள். ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலையாம். பெட்ரோலும் கேஸும் கரெண்டும் செலவாகச் செலவாகக் கரிப்புகை வானத்தில் ஏறிக்கொண்டே போகிறது, வெயில் இப்படிப் போட்டுப் பொசுக்குவது அதனால்தான், எனவே வீட்டுக்கு ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டு இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். எங்கள் வீதிக்காரர்களுக்குக் கையெழுத்து ஒரு பெரிய விஷயமே இல்லை. சாக்கடைக்கு, தெருவிளக்குக்கு, நாய்த் தொல்லைக்கு என்று போட்டுப் போட்டுப் பழகிய கைகள். எல்லோரும் படிக்காமலே போட்டார்கள். எதிர்வீட்டுச் சின்னப்பன் கையெழுத்துப் போட்ட கையோடு, நாலு வீடு தள்ளியிருக்கும் டீக்கடைக்குப் போக பைக்கை உதைத்தான். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவன் நான். டிக்கெட் வாங்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறவனின் முகம் எனக்குத் தெரியும். அன்றைக்கு வீதி முழுக்க அந்த முகம்தான்.

"பாப்பா, காய்தத்துக்கு இங்க எவனும் பயப்படமாட்டான்" என்றேன் நளினியிடம். "பெருமாளுக்கு நேந்துக்கினா வுடமாட்டார், வட்டியோட வாங்கிடுவார்னு பயம் கீது. ஊட்டுக்கு ஊடு மஞ்சத்துணில காசு முடிய வெச்சிடலாம்." அவள் தயங்கினாள். இது சயின்ஸ் சார் என்றாள். சயின்ஸ் உன்னுடையது, பயம் எங்களுடையது, இரண்டையும் சேர்த்தால் வேலை நடக்கும் என்று சொல்லி, அங்கேயே கமிட்டி அமைத்து, அதற்கு நானே செயலாளரும் ஆகிவிட்டேன்.

சனிக்கிழமை பஜனைக் கோயிலில் எல்லோரும் மஞ்சள் துணியும் கையுமாக உட்கார்ந்தார்கள். நளினி நோட்டைத் திறந்தாள். சின்னப்பன் கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, என் மருமவனுக்கு வேல பர்மனென்ட் ஆயிட்சின்னா, பைக்க ஸ்டார்ட் பண்ணமாட்டேன்" என்று முடிந்தான். பக்கத்துவீட்டுக் கமலம்மா, "என் முட்டிவலி போச்சின்னா, மார்க்கெட்டுக்கு ஆட்டோல போவாம நடந்தே போறேன்" என்றாள். காலேஜுக்குப் போகும் பவன்குமார், அரியர் எல்லாம் பாஸ் ஆனால் ஏசியை அணைப்பதாக ஒத்துக்கொண்டான். நேர்ந்துகொள்வதென்றால் இந்தப் பக்கத்தில் வேறு வழியே தெரியாதே மச்சான்! சாமி முதலில் கொடுக்க வேண்டும், நாம் பிறகு செய்ய வேண்டும். நளினி வீட்டுக்கு வீடு 'பெண்டிங்' என்று எழுதிக்கொண்டே போய், கடைசியில் பேனாவை மூடினாள். "இதேன்டி சார்! கரிப்புகை குறையணும்னா மொதல்ல பெருமாள் இவரு மருமகனுக்கு வேலை போட்டுக் குடுக்கணுமா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே சட்டம் போட்டேன். பெருமாளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது, சும்மாவே நேர்ந்துகொள்ள வேண்டும், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். "அப்ப மொதல்ல நீ முடி" என்றான் சின்னப்பன். நாற்பத்தெட்டு நாளும் சட்டைக்கு இஸ்திரி போடமாட்டேன் என்று முடிந்தேன். கமலம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊட்ல குந்திக்கினு கீற ஆளுக்கு இஸ்திரி இன்னாத்துக்கு?" செயலாளர் மானம் கப்பலேறியது. சட்டென்று இன்னொரு துணியை எடுத்து, காஞ்சனா பெயரில், ஃபிரிட்ஜ் கிடையாது, மிக்ஸி கிடையாது, தண்ணீர் மோட்டார் கிடையாது என்று மூன்று முடிச்சுப் போட்டுவிட்டேன். வீதியே கைதட்டியது. அந்த நேரம் காஞ்சனா வீட்டில் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாளாம்.

தங்கள் தங்கையைக் குறை சொல்லமாட்டேன். பெருமாள் பெயரைச் சொன்னதும் மிக்ஸியை அணைத்துவிட்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை, அவ்வளவுதான். அம்மிக்கல்லைப் புரட்டி வந்தாள், தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். தினமும் காலையில் இஸ்திரி போடாத சட்டையோடு நிற்கும் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பாள். வீதியும் சும்மா இல்லை. பைக்கை ஸ்டார்ட் பண்ணமாட்டேன் என்றுதானே முடிந்தேன், ஏறமாட்டேன் என்று முடியவில்லையே என்று சின்னப்பன் அதை மேடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து சும்மாவே உருண்டு வந்து, தக்காளி வண்டியில் மோதினான். வீதியில் மூன்று நாள் எல்லார் வீட்டிலும் தக்காளித் தொக்கு. பவன்குமார் தன் வீட்டு ஏசியை அணைத்துவிட்டு, ஏசி இருக்கிற சித்தப்பா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். இருந்தாலும் ஏழெட்டு வீட்டில் நிஜமாகவே மாறினார்கள் மச்சான், கமலம்மா மார்க்கெட்டுக்கு நடந்தே போனாள். எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷியில்தான் அந்த பஸ் விவகாரம் நடந்துவிட்டது.

கமலம்மாவின் பேத்திக்குத் திருப்பதியில் நிச்சயதார்த்தம். எப்போதும் ஐந்து கார் எடுக்கிற கூட்டம். கார் வேண்டாம், எல்லோரும் ஒரே பஸ்ஸில் போகலாம் என்று நான் சொன்னதை வீதியே கேட்டது. புத்தூரில் பஸ் நின்றது. பூ வாங்க மறந்துவிட்டார்கள் என்று காஞ்சனா இறங்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேர், பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக, ஒரே பஸ்ஸில், என் பேச்சைக் கேட்டு! மனசு பொங்கிவிட்டது மச்சான். விசில் என் சட்டைப்பைக்குள் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். "ரைட், ரைட்!" என்று ஊதிவிட்டேன். டிரைவரும் பஸ்ஸை எடுத்துவிட்டார். ஐந்தாறு கிலோமீட்டர் போன பிறகுதான், "அய்ய, காஞ்சனா எங்க?" என்று கமலம்மா கேட்டாள். அதற்குள் போன் வந்தது. "நீ ஒலகத்த காப்பாத்திக்கினு இருய்யா. நா எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்." அவ்வளவு கோபத்திலும் அவள் கார் பிடிக்கவில்லை, சித்தூர் பஸ்ஸில்தான் ஏறியிருக்கிறாள். அதை நளினியிடம் சொல்லி நோட்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மண்டலத்தில் இருபத்தாறு நாள் போயிற்று, இருபத்திரண்டு நாள் பாக்கி. செயலாளர் வீட்டு நேர்த்திக்கடனே பாதியில் நிற்கிறது என்று வீதி சிரிக்கிறது. ஆகவே தாங்கள் பெரியவராக இருந்து, புத்தி சொல்லி, காஞ்சனாவை அனுப்பி வைக்க வேண்டும். சில நிபந்தனைகள் மட்டும் உண்டு. வந்ததும் பாக்கி நாளை முடிக்க வேண்டும். விசில் விஷயத்தை நாலு பேர் முன்னால் எடுக்கக் கூடாது. ஒரு குடும்பம் எப்படிச் சிக்கனமாக இருக்க வேண்டும் என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் எனக்காகக் கேட்கவில்லை, வீதியின் நன்மைக்காகவும் பூமியின் நன்மைக்காகவும் கேட்கிறேன்.

கோதை அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆயுளும் படிப்பும் பெருக என் ஆசி. தங்கள் கறவைக்கும் கன்றுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அடிபணிந்த மைத்துனன்,
திருவேங்கடம்,
செயலாளர், வீதி கரிப்புகைக் குறைப்புக் கமிட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மீட்டர் பார்க்கிறவர் வந்துவிட்டார், கூடவே நளினி. எப்போதும் எழுபது யூனிட்டைத் தாண்டாத வீட்டில் இந்த மாதம் நூற்றுப் பதினெட்டு. மச்சான், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? முடிச்சு அவள் பெயரில், அவளோ ஊரில் இல்லை, முடிச்சும் இல்லை என்று அவள் போன அன்றைக்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். மோட்டாரை அணைக்க மறந்து மாடியெல்லாம் வெள்ளம். ஆள் சத்தம் கேட்க வேண்டுமென்று டிவி எந்நேரமும் ஓடுகிறது, இருட்டாக இருந்தால் மனசு என்னவோ பண்ணுகிறது என்று எல்லா அறையிலும் விளக்கு. நளினி பழைய கரெண்ட் பில்களையும் கேஸ் ரசீதுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த வீதிலயே ஆரம்பத்துலேர்ந்து கம்மியா கரெண்டும் கேஸும் ஆவுறது உங்க வீட்லதான். ஆன்ட்டி எப்படி செய்றாங்கன்னு கேட்டு எழுதிக்கினு போவத்தான் வந்தேன்" என்றாள். எட்டிப் பார்த்த கமலம்மாதான் சொன்னாள்: "அது பருப்ப ஊறவெச்சித்தான் அடுப்புல ஏத்தும். சோத்த பாதில எறக்கி மூடிவெச்சி ஆவிலயே வேகவுடும். இத்தினி வர்சமா துன்னுக்கினு கீற, இது கூட தெரியாதா?" தெரியாது மச்சான். நிஜமாகவே எனக்குத் தெரியாது. செயலாளர் பதவியை அங்கேயே நளினி கையில் கொடுத்து, காஞ்சனா பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். இந்த முறை பெருமாளைக் கூப்பிடவில்லை. அவள் வந்து சரி என்றால்தான் பதவி, வேண்டாம் என்றால் வேண்டாம். மேலே உள்ள நிபந்தனைகளைக் கிழித்துப் போடுங்கள். பூமிக்காக என்று எழுதியதும் பொய். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை, நானே கொண்டுவருகிறேன், என்னை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் படியுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, வாடகைக் காரில் வருகிறேன். வெயில் தாங்காது, ஏசியும் போடச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும்போது அவள் அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுகிறேன்.