பெரணிக்குக் கொட்டகை போட்டேன்

எழுபத்தெட்டில் எங்கள் எஸ்டேட்டில் தோட்டப் போட்டி என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அறிவித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். கேமரன் மலையே என்னைப் பார்த்து மூக்கில் விரல் வைக்க வேண்டும்!

எல்லாரும் வீட்டு வாசலில் ரோஜா, டேலியா என்று இறங்கினார்கள். எங்களுடையது லய வரிசையில் கடைசி வீடு. பின்னால் மலை. சூரியன் லீவு போட்டுவிட்ட இடம். அங்கே பாசியும் நானும்தான் வளர்ந்துகொண்டிருந்தோம். நிழலில் வேறென்ன வளரும்? பெரணி! காட்டோரம் போய்ச் சாக்கு நிறையப் பிடுங்கி வந்தேன்.

"பாஞ்சாலை! நாம பாக்கு வளக்கப் போறோம்!"

"வெத்தலையும் வளத்துடுங்க. ஒண்ணா வாயில போட்டுக்கலாம்."

"அடியே, மலாய்க்காரங்க பெரணிய பாக்குன்னுதானே சொல்றாங்க?"

"அவங்க ஆணியையும் பாக்குன்னுதான் சொல்றாங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் சும்மா சொன்னதில்லை. உற்சாகத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

செடிகளை நட்டு முடித்தேன். என் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, மழை நேரா அடிச்சா குருத்து ஒடிஞ்சிடுமே?"

காட்டில் பெரணிக்கு யார் கூரை போட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. தகரம் போட்டேன்.

"நாய் வந்து மிதிச்சிட்டா?"

சுற்றிலும் கம்பி வலை அடித்தேன். தானா ராத்தா டவுனில் இருந்த சீனர் கடைக்கு நடையாய் நடந்தேன். 'பாக்கு, பாக்கு' என்று நான் கேட்க, அவர் ஆணியாக அள்ளிக் கொடுத்தார்.

"கதவு வேணாமா? கொக்கி?"

வைத்தேன்.

"உள்ள குறுக்கால ரெண்டு கம்பு கட்டுங்க."

"அது எதுக்குடி?"

"தொட்டி தொங்க விடத்தான்லா!"

என்ன மூளை! கட்டினேன். கடைசியாகச் சொன்னாள்: "கோலா தெர்லாவுல காய்கறிக்கு என்ன போடுறாங்க? கோழி எரு. அதைத் தூக்கிட்டு வர்றதுக்கு, கோழியே உள்ள இருந்துட்டா?"

விஞ்ஞானியையல்லவா கட்டியிருக்கிறேன் என்று பூரித்துப் போனேன். அன்று சாயங்காலமே அவள் அண்ணன் லோரியில் கோழிகள் வந்து இறங்கின.

போட்டியன்று காலையில் கதவைத் திறந்தேன். செடி ஒன்றுகூட இல்லை. கம்புமேல் வரிசையாகக் கோழிகள், என்னைக் கிராணி மாதிரி முறைத்தன. பின்னாலேயே போட்டிக்கு நடுவராக எஸ்டேட் துரையின் மனைவி, துரைசாணி வந்துவிட்டார். எட்டிப் பார்த்து, "வெரி குட்!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மாலையில் கிராணி மைக்கில் கத்தினார்: "கோழி வளர்ப்பு! முதல் பரிசு, திருமதி பாஞ்சாலை நல்லுசாமி!"

அப்படி ஒரு போட்டி இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். பெரிய எவர்சில்வர் குண்டானோடு மேடையிலிருந்து இறங்கினாள்.

"என் பெரணி எங்கடி?"

"பாதி கோழி கிளறிடுச்சு. மீதிக் குருத்து நேத்து பெரட்டல்ல போச்சு. ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே?"

"என்னை ஏமாத்திட்டியே!"

"கூண்டு கட்டித் தாங்கன்னு எத்தனை வருஷமா கேட்டேன்? தங்கமான மனுஷன், செடின்னதும் கட்டிட்டீங்க."

மறுநாள் பக்கத்து வீட்டுத் தெரசம்மாள் வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க பின்பக்கமும் நல்ல நிழல். ஒரு கொட்டகை போட்டுத் தர்றீங்களா? பெரணி வைக்கணும்."

பெரணி! உடம்பு சிலிர்த்தது. சுத்தியலோடு பாய்ந்து எழுந்தேன்.

"இதோ வந்துட்டேன் தங்கச்சி! என்ன பெரணி?"

அவள் திருதிருவென விழித்தாள். "அதை பாஞ்சாலை சொல்லித் தரலையேண்ணே!"